மழை கூடுது, தண்ணி குறையுது

1954 ஆகவோ 55 ஆகவோ இருக்க வேண்டும். வருஷம் சரியாக நினைவில்லை. ஆனி மாதம் என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் நான் புறப்பட்ட அம்பாந்தோட்டையில் மாதக்கணக்காக ஒரு சொட்டு மழை இல்லை. போய்ச் சேர வேண்டிய என் மலைநாட்டு ஊரான நோர்வூட்டிலோ இரண்டு வாரமாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது என்று அப்பா கடிதம் போட்டிருந்தார். இலங்கையில் ஆனி மாதம் அப்படித்தான். ஒரே தீவுக்குள் ஒரு பக்கம் காய்ந்து சாகும், இன்னொரு பக்கம் நனைந்து சாகும்.

எனக்கு அப்போது முப்பது வயது. அம்பாந்தோட்டைப் பக்கத்தில் ரோட்டு ஓவசியராக மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டிருந்தேன். அந்தச் சீமையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடலோரம் முழுக்க மணல் மேடு. உள்ளே போனால் நாகதாளியும் முள்ளுப் பற்றையும். உப்பளங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும். நாங்கள் ரோட்டைச் செப்பனிட்டு முடித்த மறுநாளே காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி அதை மூடிவிடும். மறுபடி அள்ளுவோம், மறுபடி மூடும். மூன்று வருஷத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு நோர்வூட் கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. அதை நேரில் சொல்லத்தான் அந்தப் பயணம்.

அந்த வருஷம் ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தேன். "ரயிலில் போ, இந்தத் தகரத்தை வைத்துக்கொண்டு மலை ஏறுவாயா?" என்று கந்தோரில் கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ தனியாக ஓட்டிப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒரு வேலையை விட்டுவிட்டுப் போகிற மனிதனுக்கு யோசிக்க நேரம் வேண்டும். பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காத நேரம்.

விடியற்காலையில் புறப்பட்டேன். திஸ்ஸமகாராமைக்கு அப்பால் மயில்கள் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்றன. காட்டெருமைகள் வற்றிய குளத்துச் சேற்றில் கிடந்தன. செம்மண் புழுதி காருக்குப் பின்னால் ஒரு மைல் தூரத்துக்கு எழுந்து நின்றது. வெல்லவாயவில் தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஆற வைத்துக்கொண்டு மலை ஏற ஆரம்பித்தேன். கொஸ்லந்தை தாண்டியதும் காற்றின் வாசனை மாறியது. பச்சை வந்தது. முதலில் அங்கங்கே, பிறகு மலை முழுக்க.

அப்புத்தளைக் கணவாயில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அதை என்னால் மறக்கவே முடியாது. காலுக்குக் கீழே மலை செங்குத்தாக இறங்கி, நான் காலையிலிருந்து கடந்து வந்த வறண்ட பூமி முழுவதும் ஒரு பழுப்புப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதன் கோடியில், கடலோடு சேருமிடத்தில், வெள்ளையாக ஒரு மினுக்கம். என் உப்பளங்கள். மூன்று வருஷ வாழ்க்கை அந்த ஒரு மினுக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அரைமணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன். இவ்வளவு அழகான இடத்திலா இருந்தோம் என்று ஆச்சரியமாகவும் இருந்தது, அதை விட்டுவிட்டு வருகிறோமே என்று மனதை ஏதோ செய்யவும் செய்தது.

அன்று இரவு பண்டாரவளையில் தங்கினேன். மறுநாள் காலை வெலிமடையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்தேன். அங்கே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க தம்பி, நோர்வூட்டுக்கா?" என்றார் நானா. "நுவரெலியா தாண்டினா மழையில்ல, வெள்ளம். பாத்துப் போங்க. ரோட்ட நம்பாதீங்க."

"நான் ரோட்டு ஓவசியர்தான் நானா. ரோடு எனக்குப் பழக்கம்" என்று சிரித்தேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. நுவரெலியா வரைக்கும் காற்று மட்டும்தான். நானுஓயாப் பக்கம் இறங்கினதும் யாரோ கதவைத் திறந்து என்னை இன்னொரு அறைக்குள் தள்ளிவிட்ட மாதிரி மழைக்குள் போய் விழுந்தேன். தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் எல்லாம் மழையில் கரைந்து கிடந்தன. மலைச்சரிவுகளில் போன மாதம் இல்லாத அருவிகள் நூறு தொங்கின. கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசை வரிசையாகத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமலே போன காட்சி.

ஹட்டனைத் தாண்டி டிக்கோயாவும் கழிந்து, இன்னும் கொஞ்ச தூரத்தில் வீடு. மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் இருக்கும். ஒரு வளைவைத் திரும்பினேன். ரோட்டின் நடுவில் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கிக்கொண்டு போய் அவருக்கு இரண்டு முழத்தில் நின்றது. முதுகில் கொழுந்துக் கூடை, தலையில் கம்பளி, வயது முப்பத்தைந்து இருக்கலாம். அவருக்குப் பின்னால் ரோடு நேராகவும் சுத்தமாகவும் மழையில் மினுமினுத்துக் கிடந்தது. ஒரு ஓடைக்கு மேலே கட்டிய மதகு, இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அப்பால் அடுத்த வளைவு. ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவர் நகரவில்லை.

"ஐயா, போகாதீங்க! மதகு போச்சு!"

நான் கண்ணாடியை இறக்கினேன். "எங்க போச்சு? கண்ணு தெரியலயா? மதகு முன்னாலதானே இருக்கு. வழிய விடு."

"மேல இருந்து பாத்தா தெரியாதுங்க. கீழ எறங்கி வந்து பாருங்க."

"ரோட்டப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நான் யாருன்னு தெரியுமா? ரோட்டு ஓவசியர்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப நீங்கதான் கட்டாயம் எறங்கிப் பாக்கணும்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் காரைவிட்டு இறங்கியது மதகைப் பார்க்க அல்ல. அவரைக் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகத்தான். ஆனால் நான் கிட்டே வருவதற்குள் அவர் திரும்பி, தேயிலைக்குள் இறங்கும் கற்படியில் விறுவிறுவென்று போய்விட்டார். சரி, பார்த்துத் தொலைப்போம் என்று பின்னாலேயே நாலு படி இறங்கினேன்.

ஐந்தாவது படியில் என் கால் நின்றுவிட்டது.

மதகுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக் கல் சுவர் முழுவதும் போய்விட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மண்ணும் போய்விட்டது. ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய குகை. அதன் கூரையாக, என் கார் ஏற இருந்த ரோடு, ஒரு சாண் கனத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு கல் கழன்று விழுந்து செந்நிற வெள்ளத்தில் காணாமல் போனது. இன்னொரு கல்.

மூன்று வருஷம் ரோட்டிலேயே காலம் தள்ளியவன் நான். என்ன பார்க்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்த தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன். எப்போது 'நீ' போய் 'நீங்கள்' வந்தது என்று எனக்கே தெரியாது.

"காலையிலருந்து இந்த மலையிலதான் கொழுந்து எடுக்கிறோம். மழை கூடிக்கிட்டே போவுது, மதகு வாயில வர்ற தண்ணி மட்டும் கொறைஞ்சுக்கிட்டே போவுது. அப்ப மிச்சத் தண்ணி எங்க போவுது? அதான் எட்டிப் பாத்தேன்."

மழை கூடுகிறது, தண்ணீர் குறைகிறது. மேலேயிருந்து வரும் மரமும் சருகும் மதகின் கண்ணை அடைத்துவிட்டன. தண்ணீர் பக்கவாட்டில் மண்ணை அறுத்துக்கொண்டு தனக்கு வேறு வழி பார்த்துக்கொண்டது. எங்கள் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் கொழுந்து எடுத்தபடியே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குள் அவர் முகம் மாறியது. "ஐயா, பஸ்ஸு! மூணே காலு பஸ்ஸு அந்தப் பக்கமிருந்து வரும். ஹட்டனுக்குப் போறது. நாளைக்குச் சந்தை, ஆளுங்க நெறைய வருவாங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். மதகுக்கு அந்தப் பக்கத்து மலையில் அன்றைக்கு வேலைக்கு ஆள் இல்லை. பஸ்ஸை நிறுத்த அங்கே ஒருவரும் கிடையாது.

"மெல்ல நடந்து மதகத் தாண்டிட்டா?" என்றேன்.

"நாலு புள்ள பெத்தவ நான். அதுல கால வைக்க மாட்டேங்க" என்றார் பட்டென்று. "மேல நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் போற பாதையில ஓடைக்குக் குறுக்க மரப்பாலம் ஒண்ணு இருக்கு. அதத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கலாம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? உங்க அளவுக்கு என்னால ஏற முடியாதே."

அவர் சொன்ன பதில் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்களே என்னைய நம்பலயே ஐயா. அந்த டிரைவர் மட்டும் நம்புவாரா? சாக்கு கட்டுன பொம்பள நின்னா ஹாரன்தான் அடிப்பாங்க. பேண்டு போட்ட ஆளு சொன்னாத்தான் நிப்பாட்டுவாங்க."

ஓடிப்போய்க் காரைப் பின்னால் எடுத்து வளைவில் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் அவர் கூடையை ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டிருந்தார். கீழேயிருந்து கங்காணி கத்திக்கொண்டு வந்தார். பெண்கள் கூட்டத்தை மேய்ப்பவர் அவர்தான். பெரிய மீசை, கையில் குடை.

"எங்க புள்ள கெளம்பிட்ட? கொழுந்து நிறுக்கிற நேரத்துல கூடைய எறக்கி வச்சுட்டு ஊரு சுத்தப் போறியா? அரைப்பேருதான் போடுவேன்!"

அரைநாள் கூலிதான் கிடைக்கும் என்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"போட்டுக்கங்க கங்காணி" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "மதகுக்கடியில வந்து பாத்துட்டுப் போடுங்க. பஸ்ஸுக்குள்ள உங்க மாமியாரே இருந்தாலும் இருப்பாங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி படியில் இறங்கி எட்டிப் பார்த்தார். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, ஹட்டன் பக்கமிருந்து வேறு வண்டி எதுவும் வராதபடி என் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

நாங்கள் ஏறினோம். ஏறினோம் என்று சொல்வது மரியாதைக்கு. அவர் ஏறினார், நான் தவழ்ந்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு அடி அகலப் பாதை, அதுவும் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. என் தோல் சப்பாத்து வழுக்கியது. அவருடைய வெறும் கால்களோ ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி சரியாகப் போய் நின்றன. அட்டைகள் என் காலில் ஏறின, தட்டிவிட நேரமில்லை. மூச்சு வாங்கியது. எதிரே வெறும் பனிப்புகார். அவருடைய கறுப்புக் கம்பளி ஒன்றுதான் எனக்கு வழிகாட்டி.

மரப்பாலம் என்றது, பக்கம் பக்கமாகப் போட்ட இரண்டு தடி மரங்கள். கீழே வெள்ளம் இரைந்தது. அவர் முதலில் போய், அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினார். "கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாங்க."

பார்த்துக்கொண்டே போனேன். அந்த முகத்தை அப்போதுதான் முதல்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். மழை ஒழுகும் கறுத்த முகம், சின்ன மூக்குத்தி. பயம் இருந்தது அந்த முகத்தில். ஆனால் கை ஆடவில்லை.

இறங்கும்போதுதான் என் கதை முடிந்தது. தண்ணீர் வடிவதற்குத் தேயிலைக்குள் குறுக்கே கான் வெட்டியிருப்பார்கள். செடி மூடியிருந்த ஒரு கானுக்குள் என் வலது கால் போய்விட்டது. கணுக்காலில் படக்கென்று ஒரு சத்தம். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த நேரத்தில்தான் தூரத்து வளைவுக்கு அப்பாலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அவர் திரும்பி ஓடி வந்தார். என்னைத் தூக்கப் பார்த்தார்.

"என்னைய விடுங்க. நீங்க போங்க அக்கா!"

"நான் சொன்னா நிப்பாட்டுவானா?" அழுகிற மாதிரி கேட்டார். அதுவரைக்கும் கலங்காதவர், அந்த ஒரு கேள்வியில்தான் கலங்கினார்.

எனக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் போட்டிருந்த காக்கி மழைக்கோட்டைக் கழற்றினேன். தலையிலிருந்த வேலைத் தொப்பியை எடுத்தேன். "இதப் போட்டுக்கங்க. நடு ரோட்டுல நில்லுங்க. ஒரு கைய மட்டும் மேல தூக்குங்க. பேசாதீங்க, அசையாதீங்க."

ஒரு நொடிதான் யோசித்தார். கம்பளியை உதறிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். அது கணுக்கால் வரை தொங்கியது. தொப்பியை நெற்றி வரை இழுத்து விட்டுக்கொண்டு சரிவில் பாய்ந்தார்.

நான் கிடந்த இடத்திலிருந்து ரோடு தெரிந்தது. புகார் விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. விலகிய ஒரு நேரத்தில் பார்க்கிறேன்: மதகுக்கு முப்பது முழம் முன்னால், நடு ரோட்டில், கோட்டும் தொப்பியுமாக ஒரு உருவம். வலது கை உயர்ந்து நிற்கிறது. எத்தனையோ அதிகாரிகளை ரோட்டில் பார்த்திருக்கிறேன். அப்படி நின்ற ஒருவரைப் பார்த்ததில்லை.

பஸ் வளைவைத் திரும்பியது. பிரேக் கிறீச்சிட்டது. பின்பக்கம் ஈர ரோட்டில் ஒருச்சாய்ந்துகொண்டு வழுக்கியது. பஸ்ஸின் மூக்கு அந்த உருவத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது பஸ் நின்றுவிட்டிருந்தது. நீட்டினால் கை படும் தூரம். அவர் ஒரு அடிகூடப் பின்னால் நகர்ந்திருக்கவில்லை.

டிரைவர் சிங்களவர். தலையை வெளியே நீட்டி, "மொகத மஹத்தயா?" என்று பணிவாகக் கேட்டார். என்ன விஷயம், ஐயா?

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினார். நனைந்த கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். டிரைவரின் வாய் திறந்தபடி நின்றது.

"யன்ட எப்பா!" என்று கத்தினார் அவர். போகாதீங்க! "பார யட்ட ஹிஸ்!" ரோட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை!

டிரைவரும் கண்டக்டரும் இறங்கி நடந்தார்கள். ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார்கள். கண்டக்டர் டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடி வருவது தெரிந்தது. அவர்கள் பஸ்ஸுக்கு வந்து சேர்வதற்குள் அது நடந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ரோடு நடுவில் ஒருமுறை பெருமூச்சு விட்ட மாதிரி தாழ்ந்தது; கைப்பிடிச் சுவர்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன; பிறகு ரோடு இருந்த இடத்தில் சிவப்பு வெள்ளம்.

பஸ்ஸுக்குள் சிரிப்பு நின்றது. குழந்தையோடு ஒரு தாய், ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், மறுநாள் சந்தைக்கு மரக்கறி மூட்டையோடு போகிறவர்கள், நாற்பது பேருக்கு மேல் ஒவ்வொருவராக இறங்கி மழையில் நின்றார்கள். டிரைவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

"பின் சித்த வேவா, அக்கே." புண்ணியம் உங்களைச் சேரட்டும், அக்கா.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அவசர அவசரமாகக் கோட்டைக் கழற்றினார். பஸ்ஸில் வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, என்னைத் தூக்கிக் கீழே கொண்டுவர வைத்தார். கோட்டையும் தொப்பியையும் என் மடியில் வைத்து, "சேறாயிருச்சுங்க" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

பஸ் திரும்பி நோர்வூட்டுக்கே போக வேண்டியதாயிற்று. "நீங்களும் ஏறுங்க அக்கா, இந்த மழையில எப்படித் திரும்பிப் போவீங்க?" என்று கெஞ்சினேன்.

"வேணாங்க. கூடை அங்கனதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிடந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தோட்டம், ஆள் எப்படி என்று அப்பா விவரம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அட, அந்த அம்மாவா! தீவாளிக்கும் பொங்கலுக்கும் நம்ம கடைக்குத்தானே வருவாங்க. நீ கடையில நிக்கிறப்பகூட வந்திருக்காங்களே. நீயே எத்தன தடவ சீத்தத் துணி கிழிச்சுக் குடுத்திருப்ப!"

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை. துணியின் நிறம்கூட ஞாபகம் வந்தது, வாங்கியவர்களின் முகம் ஒன்றுகூட வரவில்லை. கணுக்கால் வலியைவிட அது வலித்தது.

பத்து நாள் கழித்து நடக்க முடிந்ததும், மனிதர்கள் மட்டும் கடக்கப் பலகை போட்டிருந்த அந்த ஓடையைத் தாண்டி, அவருடைய லயத்துக்குப் போனேன். என் கார் நின்ற இடத்திலேயே பத்திரமாக இருந்தது. கங்காணி அதன் எஞ்சின் மேல் தன் கம்பளியைப் போட்டு மூடி, தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "அரைப்பேரு போட்டீங்களா?" என்று கேட்டேன். "என்னங்க ஐயா நீங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். முழுப்பேர்தான் போட்டிருந்தார்.

அந்த அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். நான் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சொல்ல ஆரம்பித்ததுமே தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க. எறங்கி வந்து பாத்தீங்கல்ல, அது போதும். தேத்தண்ணி குடிங்க." பிறகு, வெகுநாளாகச் சொல்லக் காத்திருந்த மாதிரி, "ஐயா ரோட்டு வேலதான பாக்குறீங்க? அந்த மதகோட கண்ணு சின்னதுங்க. மூணு வருஷமா ஒவ்வொரு மழைக்கும் அடைக்குது. ரெண்டு கண்ணு வச்சுக் கட்டச் சொல்லுங்க. மேல ஓடையில ஒரு கம்பித் தடுப்பு போட்டா மரம் கிரம் அங்கனயே நின்னுரும்" என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, அவர் சொன்னபடி வரைந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "தடுப்பு இன்னும் மேலங்க, அந்தப் பலா மரத்துகிட்ட" என்று திருத்தினார். அந்தப் படத்தோடு ஒரு கடிதம் எழுதி, அந்தப் பகுதி ரோட்டைப் பார்க்கும் கந்தோரில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வெயில் காலத்தில் மதகை இரண்டு கண் வைத்துத்தான் கட்டினார்கள்.

அப்பாவிடம் சொல்ல வந்த விஷயத்தை நான் சொல்லவே இல்லை. லீவு முடிந்ததும் அம்பாந்தோட்டைக்கே திரும்பினேன். மணலை அள்ளினோம், காற்று மூடியது, மறுபடி அள்ளினோம். ஆனால் அதற்குப் பிறகு என் வேலை மாறிவிட்டது. எந்த ரோட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் அங்கே மாடு மேய்ப்பவர்களிடமும் உப்பு அள்ளும் பெண்களிடமும் போய்ப் பேசுவேன். தண்ணீர் எந்தப் பக்கம் வரும், மணல் எங்கே குவியும் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்ட பிறகுதான் அளவுநாடாவை எடுப்பேன். அவர்கள் சொன்னது பிழையாகப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் இங்கே எழுதுவது மரியாதை இல்லை என்பதால் விட்டுவிட்டேன். பிறகு பல வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கடையில் அவரைச் சந்தித்திருக்கிறேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போடுவார், அவர் உட்கார மாட்டார், நானும் நின்றுகொண்டே பேசுவேன்.

அன்றைக்கு அவர் என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன் என்பது சின்ன விஷயம்; அதற்கு முன்னால் என் முப்பது வருஷத்தில் எத்தனை பேர் எதையோ சொல்ல வாயெடுத்தபோது நான் ஹாரனை அழுத்திக்கொண்டு கடந்து போயிருப்பேனோ என்ற நினைப்புத்தான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது, யார் கை காட்டினாலும் நின்று கேட்க வைக்கிறது.